கேட்டகரி எத்தனை என்று கேட்காதீர்கள்

ஒரு சின்ன டிஸ்கி: இது ஒரு எண்ணைத் திட்டுவதற்காக எழுதியது. அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்கள் மீதுதான் கோபம்.

அமெரிக்கப் பக்கம் ஒரு சூறாவளி கிளம்பினால் போதும். டிவியில் முதல் வார்த்தை "கேட்டகரி". நம்ம ஊர் பேப்பரிலும் அதே. வகுப்பில் பேசினாலும், "மச்சி, கேட்டகரி எத்தனைடா?" என்பதுதான் முதல் கேள்வி. "ஒண்ணு" என்று பதில் வந்தால், "ப்பூ, இவ்வளவுதானா!" என்று பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். "அஞ்சு" என்றால் எல்லோரும் மொபைலை எடுத்துப் படம் தேடுவோம்.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் கேள்வியே தப்பு. சும்மா தப்பு இல்லை, ஆளைக் கொல்கிற தப்பு. ஒரு புயல் எவ்வளவு ஆபத்தானது என்பதில் பாதி புயலில் இருக்கிறது. மீதிப் பாதி அது போய்ச் சேரும் ஊரில் இருக்கிறது. கடலடி எவ்வளவு ஆழம், கரை எப்படி வளைந்திருக்கிறது, பின்னால் மலை இருக்கிறதா, மலையில் மரம் இருக்கிறதா... இது எதுவுமே அந்த எண்ணுக்குள் கிடையாது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஹெர்பர்ட் சஃபிர் என்பவர் ஃப்ளோரிடாவில் இருந்த கட்டடப் பொறியாளர். 1960களின் கடைசியில் ஐ.நா.வுக்காக, புயல் அடிக்கும் பகுதிகளில் மலிவு வீடுகள் கட்டுவது பற்றி ஆராய்ந்தார். எந்த வேகக் காற்றுக்குக் கூரை பறக்கும், எந்த வேகத்துக்குச் சுவர் விழும் என்று ஐந்து படிகளாகப் பிரித்தார். அப்போது அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சன் அதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் கடல் எத்தனை அடி ஏறும் என்ற கணக்கையும் சேர்த்தார். இப்படிப் பிறந்ததுதான் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல். மணிக்கு 119 கிலோமீட்டர் வேகக் காற்றில் தொடங்குவது ஒன்று. 252ஐத் தாண்டினால் ஐந்து. ஐந்துக்கு மேல் கிடையாது.

கவனியுங்கள். இதன் அடித்தளம் காற்று, அதுவும் வீட்டுக் கூரையைப் பற்றிய கவலை. ஒரு பொறியாளருக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. ஆனால் கடற்கரையில் குழந்தைகளோடு "போவதா, இருப்பதா" என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு?

இதற்குப் பதில் மிஸிஸிப்பியில் இருக்கிறது.

1969 ஆகஸ்ட் 17 இரவு, கமீல் என்ற சூறாவளி மிஸிஸிப்பிக் கரையைத் தாக்கியது. கேட்டகரி 5. கடல் 24 அடிக்கு மேல் ஏறியது. அந்தத் தலைமுறைக்கு அதுதான் அளவு. "எங்க வீடு கமீலையே தாங்கிய வீடு" என்பது அங்கே ஒரு பெருமை. முப்பத்தாறு வருடம் கழித்து, 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா வந்தது. முந்தின நாள் நடுக்கடலில் கேட்டகரி 5 ஆக இருந்தது, கரைக்கு வரும்போது 3 ஆகக் குறைந்திருந்தது. அஞ்சையே பார்த்தவனுக்கு மூணு எம்மாத்திரம்? பலர் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. கடல் கிட்டத்தட்ட 28 அடி ஏறியது. கமீலில் தண்ணீர் எட்டாத வீடுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. மிஸிஸிப்பியில் மட்டும் 230க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். "கமீல் 1969ஐவிட 2005இல்தான் அதிகம் பேரைக் கொன்றது" என்று அந்த ஊர்க்காரர்களே கசப்போடு சொல்வார்கள்.

எப்படி மூன்று ஐந்தை மிஞ்சியது? கமீல் சின்னப் புயல், ஒரு குத்து மாதிரி. கத்ரீனா அகலமான புயல். அது நாள் கணக்கில் பெரும் பரப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. கரைக்கு முன் காற்று குறைந்தாலும் ஏற்கெனவே கிளம்பிவிட்ட தண்ணீர் குறையவில்லை. அதோடு மிஸிஸிப்பிக் கரைக்கு வெளியே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது. ஆழமான கடலில் புயல் தள்ளும் தண்ணீர் அடியில் இறங்கித் திரும்பிப் போய்விடும். ஆழம் இல்லாத இடத்தில் அதற்கு இறங்க வழியில்லை, ஏறத்தான் வேண்டும். மயாமிப் பக்கம் கரையை விட்டுச் சற்றுத் தள்ளினாலே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அதனால் அதே புயல் மயாமிக்கு வந்தால் அலை பெரிதாக இருக்கும், ஆனால் கடல் மட்டம் இவ்வளவு ஏறாது. புயல் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். ஊர்தான் வேறு.

நியூ ஆர்லியன்ஸ் கதை இன்னும் மோசம். அந்த நகரத்தின் பெரும்பகுதி அன்று உணர்ந்தது கேட்டகரி 1 அல்லது 2 அளவுக் காற்றைத்தான். ஆனால் கரைச்சுவர்கள் உடைந்து நகரமே மூழ்கியது. சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும், நகரம் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதையும் எந்தக் கேட்டகரி சொல்லும்?

கத்ரீனா ஒரு விதிவிலக்கு என்று நினைத்தால், இதோ இன்னும் இரண்டு. 2004இல் சார்லி, ஃப்ளோரிடாவில் கேட்டகரி 4. அளவுகோலின் பழைய அட்டவணைப்படி கடல் 13 முதல் 18 அடி ஏறியிருக்க வேண்டும். ஏறியது 6 முதல் 8 அடி. 2008இல் ஐக், டெக்சாஸில் கேட்டகரி 2. அட்டவணை சொன்னது 6 முதல் 8 அடி. பொலிவர் தீபகற்பத்தில் ஏறியது 15 முதல் 20 அடி. அதாவது அட்டவணை இரண்டு பக்கமும் பொய் சொன்னது. நான்கு என்று பயந்த இடத்தில் தண்ணீர் குறைவு, இரண்டு என்று உட்கார்ந்திருந்த இடத்தில் வீடு இருந்த தடமே இல்லை.

இதைச் சூறாவளி மையமே ஒப்புக்கொண்டது. 2010இல் அளவுகோலிலிருந்து கடல் ஏற்றக் கணக்கை நீக்கிவிட்டு, இது காற்று அளவுகோல் மட்டும்தான் என்று பெயரையும் மாற்றினார்கள். நேர்மையான காரியம், பாராட்டுகிறேன். ஆனால் விளைவு என்ன? அளவுகோலிலிருந்து தண்ணீர் போய்விட்டது. டிவியிலிருந்து அளவுகோல் போகவில்லை. முன்பு தப்பான தண்ணீர்க் கணக்காவது இருந்தது. இப்போது அதுவும் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஜனங்கள் உயிருக்கு முடிவெடுக்கிறார்கள்.

சரி, எவ்வளவு பேர் காற்றால் சாகிறார்கள், எவ்வளவு பேர் தண்ணீரால் சாகிறார்கள்? சூறாவளி மையத்தைச் சேர்ந்த எட்வர்ட் ராப்பப்போர்ட் 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக இறந்தவர்களைக் கணக்கெடுத்தார். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் தண்ணீரால் செத்தவர்கள். ஏறத்தாழ பாதிப் பேர் கடல் ஏற்றத்தில், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் மழை வெள்ளத்தில். காற்றால் செத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஒருவருக்கும் குறைவானவரை அளக்கத்தான் நாம் இத்தனை ஆர்வமாகக் கேட்டகரி கேட்கிறோம்!

இதுவரை கடலைப் பற்றிச் சொன்னேன். மழை இதைவிடத் துரோகி.

மழைக்கும் காற்று வேகத்துக்கும் பெரிய சம்பந்தமே கிடையாது. மழை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, வழியில் மலை இருக்கிறதா. மூன்றும் அளவுகோலில் இல்லை.

1998 அக்டோபரில் மிட்ச். கரீபியன் கடலில் இருந்தபோது மணிக்கு 290 கிலோமீட்டர் காற்று, கேட்டகரி 5. ஹோண்டுராஸில் கரை ஏறியபோது வெறும் 1. அதன் பிறகு சூறாவளி என்ற பெயரையும் இழந்தது. ஆனால் நகரவில்லை. ஹோண்டுராஸ், நிகராகுவா மலைகள் மேல் நாள் கணக்கில் மழையாகக் கொட்டியது. நிகராகுவாவில் கசீட்டா எரிமலையின் சரிவு சேறாக இறங்கிச் சுமார் 2,000 பேரை மூடியது. காணாமல் போனவர்களையும் சேர்த்து மொத்தம் 11,000 பேருக்கு மேல். இருநூறு ஆண்டுகளில் அட்லாண்டிக் கண்ட மிகக் கொடிய புயல் அது. பெருவாரியானவர்களைக் கொன்றது ஐந்து அல்ல, ஒன்றும் பூஜ்யமும்.

2004 செப்டம்பரில் ஜீன். ஹிஸ்பானியோலா என்பது ஒரே தீவு. கிழக்கே டொமினிக்கன் குடியரசு, மேற்கே ஹைட்டி. கிழக்கில் புயல் நேராகவே கரை ஏறியது, அங்கே இறந்தவர்கள் இருபது பேருக்குள். பிறகு வலுவிழந்து ஹைட்டிக்கு வடக்கே கடலோடு கடலாகப் போனது. ஹைட்டியில் கொனாயீவ் நகரிலும் சுற்றிலும் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். காரணம், நகரத்தின் பின்னால் இருந்த மலைகளில் மரம் இல்லை. பெய்த மழை மண்ணில் ஊறாமல் சேறாக ஊருக்குள் இறங்கியது. அந்த மொட்டை மலையும் அந்த ஊரின் புயலில் ஒரு பாகம்தான். யாராவது மலைக்குக் கேட்டகரி கொடுத்தார்களா?

ஏழை நாடுகளில்தான் இப்படி என்று சொல்பவர்களுக்கு 2017இன் ஹார்வி. டெக்சாஸில் கேட்டகரி 4 ஆகக் கரை ஏறியது. நான்கு என்பதால் பயந்தார்கள், சரிதான். ஆனால் அது வலுவிழந்த பிறகுதான் வேலையைத் தொடங்கியது. நாள் கணக்கில் நகராமல் நின்று, நெதர்லாண்ட் என்ற ஊரில் மொத்தம் 60 அங்குலத்துக்கு மேல், அதாவது ஒன்றரை மீட்டர் மழை பெய்தது. டெக்சாஸில் நேரடியாக இறந்த 68 பேரில் மூன்று பேர் தவிர மற்ற எல்லோரும் மழை வெள்ளத்தில் செத்தவர்கள்.

இன்னும் அருகில், 2024 செப்டம்பரில் ஹெலீன். ஃப்ளோரிடாவில் கேட்டகரி 4. ஆனால் அந்தப் புயலின் பெயரைச் சொன்னால் இன்று நினைவுக்கு வருவது கடற்கரை அல்ல, வட கரோலினாவின் மலை நகரமான ஆஷ்வில். கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல், கரை ஏறிய இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அங்கே வந்து சேர்ந்தபோது அது சூறாவளியே இல்லை, வலுவிழந்த வெப்பமண்டலப் புயல். மலையில் முட்டி மேலே ஏறிய ஈரக்காற்று, ஏற்கெனவே இரண்டு நாள் மழையில் ஊறிப்போயிருந்த மண்ணின் மேல் கொட்டியது. ஆறுகள் 1916 வெள்ளத்தின் சாதனையை உடைத்தன. மொத்தம் 250 பேர் அளவில் உயிரிழந்தார்கள்.

"யாருக்குத் தெரியும், மலையில் இப்படி நடக்கும் என்று?" எனக் கேட்டார்கள். தெரிந்திருக்க வேண்டும். அந்த 1916 வெள்ளமே கரை தாண்டி வந்த புயல்களின் மிச்சத்தால் வந்ததுதான். அதைவிட, மேலே சொன்ன கமீலையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஸிஸிப்பியை அடித்துவிட்டு, காற்றெல்லாம் ஓய்ந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வர்ஜீனியா மலைகளுக்குப் போய், ஒரே இரவில் மழை வெள்ளத்தால் நூறு பேருக்கு மேல் கொன்றது. கேட்டகரி 5 என்று எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கும் புயலின் இரண்டாவது கொலைக்களம், கேட்டகரியே இல்லாத இடம். 1969லேயே பாடம் கையில் இருந்தது. நாம் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

பெயரைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2012இன் சாண்டி. குளிர்ந்த வடக்குக் கடலுக்கு வந்ததால் அதன் உள்ளமைப்பு மாறியது. கரை ஏறுவதற்குச் சற்று முன் அது இலக்கணப்படி சூறாவளி இல்லை. இப்படி ஆகும் என்று முன்பே கணித்திருந்ததால் நியூ ஜெர்சி, நியூயார்க் பகுதிக்குச் சூறாவளி எச்சரிக்கை என்ற பெயரில் எச்சரிக்கையே போடவில்லை, வேறு பெயர்களில் போட்டார்கள். ஆனால் அந்தப் புயலின் காற்று ஆயிரம் மைல் அகலத்துக்குப் பரவியிருந்தது. நியூ ஜெர்சிக் கரையும் லாங் ஐலண்டும் சேரும் இடம் ஒரு மூலை மாதிரி. தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் அந்த மூலையில் மாட்டி நியூயார்க் சுரங்க ரயிலுக்குள் இறங்கியது. அமெரிக்காவில் நேரடியாக இறந்த 72 பேரில் 41 பேரைக் கொன்றது கடல் ஏற்றம். மறு வருடம் விதியை மாற்றினார்கள். எப்போதுமே மறு வருடம்தான்.

இந்த எண் பைத்தியம் ஒரு புயலோடு நிற்பதில்லை, பருவம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வருடமும் "இந்த ஆண்டு அட்லாண்டிக்கில் எத்தனை புயல்" என்று கணிப்பு வரும். அதன் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. அட்லாண்டிக்கின் பெரும் சூறாவளிகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மேற்கே நகரும் காற்றலைகளில் பிறக்கின்றன. பசிபிக்கில் எல் நினோ வந்தால், அட்லாண்டிக்கின் மேல் உயரத்தில் அடிக்கும் காற்று பலமாகி, வளரும் புயலின் தலையைச் சாய்த்துவிடும், புயல்கள் குறையும். லா நினா வந்தால் தலைகீழ். எங்கோ பெரு நாட்டுக் கரையில் கடல் சூடானால் கரீபியனில் புயல் குறைகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்தான்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு கடலுக்கானது, உன் தெருவுக்கானது அல்ல. 1992 அட்லாண்டிக்கில் மந்தமான வருடம். முதல் சூறாவளி ஆகஸ்ட் மாதம் பாதி கடந்த பிறகுதான் வந்தது. அதன் பெயர் ஆண்ட்ரூ. தெற்கு ஃப்ளோரிடாவில் ஹோம்ஸ்டெட்டைத் தரைமட்டமாக்கியது. 2010 மகா பரபரப்பான வருடம், 12 சூறாவளிகள். அவற்றில் ஒன்றுகூட அமெரிக்காவில் சூறாவளியாகக் கரை ஏறவில்லை. மந்தமான வருடத்தில் ஹோம்ஸ்டெட்டில் இருந்தவனுக்கு அந்தச் சராசரியால் என்ன லாபம்?

இப்போது புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது: கேட்டகரி 6. மைக்கேல் வேனர், ஜேம்ஸ் கோசின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2024இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மணிக்கு 309 கிலோமீட்டரைத் தாண்டுவதை ஆறு என்று வைத்துப் பார்த்தால், 2013 முதல் ஐந்து புயல்கள் அதில் வருகின்றன, பூமி சூடாவதைக் காட்ட இது உதவும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது, காற்று எண் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் செய்தியில் வந்ததெல்லாம் "ஆறு! ஆறு!" என்ற கூச்சல்தான்.

அந்த ஐந்தும் பசிபிக் புயல்கள். அதில் இரண்டை மட்டும் பாருங்கள். 2015இன் பட்ரீஷியாவின் காற்று நடுக்கடலில் மணிக்கு 345 கிலோமீட்டர். மெக்சிகோவில் ஜனம் குறைவான மலைக்கரையில் ஏறியது, இறந்தவர்கள் வெகு சிலர். 2013இன் ஹையான் பிலிப்பைன்ஸில் 6,000 பேருக்கு மேல் கொன்றது. அதிலும் தக்லோபான் நகரம் புனல் மாதிரி குறுகும் விரிகுடாவின் முனையில் இருக்கிறது, அங்கே கடலே ஊருக்குள் வந்தது. கடல் ஏறும் என்று எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த ஆங்கிலத் தொழில்நுட்பச் சொல் என்னவென்றே புரியவில்லை, சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆறாவது எண்ணா, புரியும்படி ஒரு வாக்கியமா?

பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்தான் இந்த எண்ணை முதலில் கைவிட வேண்டும் என்பேன். ஏனென்றால் நமக்கு உறுதியாகத் தெரிந்தவை இரண்டும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும், மழை கூடும். கடல் மட்டம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, அதாவது ஒவ்வொரு புயலும் ஒரு படி மேலே நின்றுகொண்டு குதிக்கிறது. இந்த இரண்டும் கேட்டகரியில் தெரியவே தெரியாது. நாளைக்கு வரும் கேட்டகரி 1, தாத்தா காலத்துக் கேட்டகரி 1 அல்ல. எண் மட்டும் அதேதான்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை.

"ஜனங்களுக்கு எளிமையாக ஒரு எண் வேண்டும்" என்பார்கள். வேண்டும்தான். ஆனால் எளிமையான தப்பு, எளிமையான சரி ஆகிவிடாது. எண்தான் வேண்டும் என்றால், "உங்கள் தெருவில் தரைக்கு மேல் ஒன்பது அடி தண்ணீர் வரலாம்" என்பதும் எண்தானே? ஒன்பது அடி என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். சூறாவளி மையம் 2017 முதல் கடல் ஏற்றத்துக்கென்றே தனி எச்சரிக்கை தருகிறது, தரைக்கு மேல் எத்தனை அடி என்று வரைபடமும் போடுகிறது. வேண்டிய கருவி இருக்கிறது. அதைத் தலைப்பில் போடாமல் கேட்டகரியைப் போடுவதுதான் பிரச்சினை.

"காற்றும் கொல்லாதா?" கொல்லும். ஆண்ட்ரூ காற்றால்தான் அழித்தது. 2025 அக்டோபரில் மெலிசா மணிக்கு 295 கிலோமீட்டர் காற்றோடு ஜமைக்காவில் ஏறியபோது பிய்ந்து போன கூரைகளை எல்லோரும் பார்த்தோம். ஐந்து என்றால் ஓடுங்கள், அதில் சந்தேகமே இல்லை. என் சண்டை ஐந்தோடு இல்லை. ஒன்றோடும், "வலுவிழந்தது" என்ற வார்த்தையோடும்தான். எண் பெரிதாக இருக்கும்போது யாரும் ஏமாறுவதில்லை. சின்னதாக இருக்கும்போதுதான் ஏமாறுகிறோம்.

அந்த வார்த்தை நமக்கும் ரொம்பப் பழக்கமானது. நம்மிடம் கேட்டகரி இல்லை, அதற்குப் பதில் புயல் எச்சரிக்கைக் கூண்டு இருக்கிறது. "நாகையில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று வருடா வருடம் படிக்கிறோம். ஒன்று முதல் பதினொன்று வரை உள்ள அந்த எண்கள் துறைமுகத்தில் இருக்கும் கப்பல்களுக்கானவை. மேற்கு மாம்பலத்தில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. 2015 டிசம்பர் 1இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிச் சென்னை மூழ்கியபோது புயலே இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வுதான். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், நம் வானிலைத் துறையின் கணக்கில் புயல்களிலேயே கடைசிப் படி. அது வலுவிழந்து உள்ளே போன பிறகு, கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளித் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். மறு வருடம் நவம்பர் கடைசியில் இலங்கையில் டிட்வா. காற்றைக் கேட்டால் அதுவும் அதே சாதாரணப் படி. மலையகத்தில் மண்சரிவும் நாடெங்கும் வெள்ளமுமாக 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போனது. மிட்ச், ஜீன், ஹெலீன் கதையேதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

ஆகவே அடுத்த முறை டிவியில் சுழி சுற்றும்போது, எண்ணைக் கேட்காதீர்கள். இந்த நான்கைக் கேளுங்கள். எவ்வளவு அகலமான புயல்? எவ்வளவு மெதுவாக நகர்கிறது? நம் பக்கம் கடல் ஆழமா, மேடா? நம் வீடு ஆற்றுக்கோ ஏரிக்கோ மலைச்சரிவுக்கோ கீழே இருக்கிறதா? கடைசி இரண்டுக்கும் பதில் சொல்ல எந்த வானிலை மையமும் தேவையில்லை. புயல் இல்லாத ஒரு சாவகாசமான ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பெரியவர்களிடம் "நம்ம தெருவில் தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். ஆனால் ஒன்று, அந்தக் கோட்டை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மிஸிஸிப்பியில் கமீலின் கோட்டை நம்பி உட்கார்ந்தவர்களைத்தான் கத்ரீனா கொண்டு போனது.